பிக்கப்பில் பிரேக் பெடல் மெத்தென்று இறங்குகிறதா? ஏர் எடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள்

தாளவாடியில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு திம்பம் வழியாகச் சத்தியமங்கலம் இறங்குகிறவர்களுக்குத் தெரியும், அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளில் கால் எவ்வளவு நேரம் பிரேக்கிலேயே இருக்கும் என்று. அப்படி ஒரு இறக்கத்தில்தான் என் வண்டியின் பெடல் வழக்கமாகப் பிடிக்கும் இடத்தைத் தாண்டிக் கீழே போனது. இரண்டாவது மிதிக்குப் பிடித்தது. இரண்டாம் கியரில் வந்துகொண்டிருந்ததால் வண்டியை ஓரம் கட்ட முடிந்தது. அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் மட்டும் மூன்று முறை பட்டறையில் விட்டு ஏர் எடுத்திருந்தேன், அதாவது பிரேக் லைனுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றியிருந்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் பழையபடி பஞ்சு. அந்தக் காற்று உள்ளே எப்படி வந்தது என்று பட்டறையிலும் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பிரேக் லைன் என்பது மூடிய அமைப்பு. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரம் வரைக்கும் உள்ளே ஆயில் மட்டும்தான் இருக்க வேண்டும். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும், அதனால்தான் காற்று புகுந்தால் பெடல் பஞ்சு மாதிரி ஆகிறது. ஆனால் காற்று சும்மா உள்ளே வந்துவிடாது. எங்காவது கசிவு இருக்க வேண்டும், இல்லை ஆயில் டப்பா காலியாகியிருக்க வேண்டும், இல்லை யாராவது லைனைக் கழற்றி மாட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஆயிலே கொதித்து ஆவியாகியிருக்க வேண்டும். இந்த நான்கில் எது என்று தெரியாமல் ஏர் எடுத்தால் காசும் போகும், கோளாறும் அங்கேயே இருக்கும். காற்றே இல்லாமலும் பெடல் இறங்க வழி உண்டு, அதற்கு ஏர் எடுத்து ஒரு பயனும் இல்லை.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெடல் தரைவரை போகிறது, இரண்டு மூன்று தடவை அடித்தால்தான் பிடிக்கிறது என்றால் அந்த வண்டியை எடுக்காதீர்கள். "பம்ப் அடிச்சா பிடிக்குதே, லோடை இறக்கிட்டுப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டுபவர்களை நிறையப் பார்க்கிறேன். ஒரு டன்னுக்கு மேல் சரக்கோடு போகிற வண்டிக்கு முன்னால் ஒரு குழந்தை ஓடி வந்தால் இரண்டாவது மிதிக்கு நேரம் இருக்காது. மெக்கானிக்கை வண்டி இருக்கும் இடத்துக்கு வரச் சொல்லுங்கள், முடியாவிட்டால் வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

இனி சோதனை. நம் ஊரில் ஓடுகிற பொலேரோ பிக்கப், யோதா, தோஸ்த் எல்லாவற்றிலும் பொதுவாக முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், நடுவில் மிதியின் பலத்தைக் கூட்டும் வேக்குவம் பூஸ்டர் என்கிற அமைப்புதான், அதை வைத்துத்தான் கீழே சொல்வதெல்லாம்.

சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு நிமிடம்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்துவிடுங்கள். பெடலை ஆறேழு முறை மிதித்து பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவத்தைக் காலி செய்யுங்கள். அப்புறம் நிதானமாக ஒரு மிதி மிதித்து, காலை எடுக்காமல் ஒரு நிமிடம் அப்படியே அழுத்திப் பிடியுங்கள். எவ்வளவு ஆழத்தில் பிடிக்கிறது, பிடித்த இடத்தில் கல் மாதிரி நிற்கிறதா அல்லது துள்ளுகிறதா, பிடித்த இடத்திலேயே நிற்கிறதா அல்லது மெல்ல மெல்ல இறங்குகிறதா, இதைக் கவனியுங்கள். கோளாறு எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் இங்கேயே தெரிந்துவிடும்.

காலை எடுக்காமலே இப்போது இன்ஜினைப் போடுங்கள். பெடல் லேசாக ஒரு விரல் அளவு கீழே இறங்கும். இது கோளாறு இல்லை, பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு இதுதான் அடையாளம். இதைப் பார்த்துவிட்டு "இன்ஜின் போட்டா பிரேக் இறங்குது" என்று மாஸ்டர் சிலிண்டரையே மாற்றியவர்கள் உண்டு. பூஸ்டரோ வேக்குவம் பம்போ கெட்டால் பெடல் மெத்தென்று ஆகாது, இரும்பு மாதிரி இறுகிவிடும். அது வேறு கோளாறு, இங்கே அதைத் தொடவில்லை.

முதல் மிதி ஆழமாகப் போகிறது, உடனே அடுத்த மிதி மேலேயே கல் மாதிரி நிற்கிறது

துள்ளல் இல்லாமல் உயரம் மட்டும் குறைவாக இருந்தால் முதல் சந்தேகம் காற்றின் மேல் வேண்டாம், பின் டிரம்மின் மேல் வையுங்கள். டிரம்முக்குள் விரிந்து பிடிக்கும் ஷூவின் லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி கூடுகிறது. அதை நிரப்பவே முதல் மிதியின் ஆயில் செலவாகிவிடுகிறது. தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் உள்ளே இருந்தாலும் சேறும் துருவும் ஏறி இறுகிப்போவது சாதாரணம், அதுவும் தோட்டத்துக்குள்ளும் ஆற்று மணலிலும் இறங்குகிற வண்டிகளில்.

உறுதிப்படுத்த எளிய வழி ஒன்று இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டுப் பெடலை மிதியுங்கள். பெடல் வழக்கத்தைவிட நன்றாக மேலே பிடித்தால் பின் ஷூ இடைவெளிதான் காரணம். ஹேண்ட் பிரேக் ஷூவை ஏற்கெனவே டிரம்மோடு ஒட்டி வைத்துவிட்டதால் பெடலுக்கு வேலை குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

சரிசெய்ய, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டு கொடுத்து (ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போக வேண்டாம்), டிரம்மின் பின்தட்டில் இருக்கும் ஓட்டை வழியாக ஸ்க்ரூடிரைவரால் பல்சக்கரத்தைத் திருப்புங்கள். சக்கரம் கையால் சுற்றும்போது லேசாக உரசும் வரைக்கும் ஏற்றி, உரசல் விடும்படி இரண்டு மூன்று பல் பின்னால் எடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு. பல்சக்கரம் அசையவில்லை என்றால் டிரம்மைக் கழற்றி அட்ஜஸ்டரைச் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும். அப்படிக் கழற்றும்போது டிரம்மின் உள்விளிம்பையும் பாருங்கள், அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச விட்டம் டிரம்மிலேயே அச்சிட்டிருக்கும், அதைத் தாண்டித் தேய்ந்திருந்தால் கடைசல் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

இதே அடையாளம் மேடுபள்ளச் சாலையில் போன பிறகு மட்டும் வருகிறதா? அப்போது முன் வீல் பேரிங்கை ஆட்டிப் பாருங்கள். பேரிங் லூசாக இருந்தால் டிஸ்க் ஆடி ஆடி, பேடையும் பிஸ்டனையும் உள்ளே தள்ளிவிடும், அடுத்த மிதி ஆழமாகப் போகும். புது பேட் போட்ட உடனேயும் முதல் சில மிதிகள் ஆழமாகப் போகும், அதனால் பட்டறையிலிருந்து வண்டியை நகர்த்துவதற்கு முன்பே பெடலை அடித்து மேலே கொண்டுவந்துவிட வேண்டும்.

அடிக்க அடிக்கப் பெடல் மேலே வருகிறது, ஆனால் துள்ளுகிறது

இதுதான் காற்று. மிதித்தால் ரப்பர் பந்தை அமுக்குவது போல இருக்கும். இப்போது ஸ்பேனரை எடுக்காதீர்கள், டார்ச்சை எடுங்கள்.

முதலில் ஆயில் டப்பா. பேட் தேயும்போது ஆயில் மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது இயல்பு, ஆனால் ஊற்றி ஒரு மாதத்தில் மறுபடி இறங்கினால் கசிவு உறுதி. பிறகு வண்டிக்கு அடியில் போய் சேஸ் ஓரமாக ஓடும் இரும்புப் பைப்பை முழுக்கப் பாருங்கள், முக்கியமாகக் கிளிப் போட்ட இடங்கள், லீஃப் பட்டைக்கு அருகில் உரசும் இடங்கள். முன் ஹோஸ் இரண்டையும் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து வைத்துப் பாருங்கள். சேஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு இறங்கும் ஹோஸைப் பலரும் மறந்துவிடுவார்கள். மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடத்தில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்: அங்கே ஈரம் இருந்தால் பின்பக்கக் கப் (ஆயிலைத் தடுக்கும் ரப்பர் சீல்) போய், ஆயில் பூஸ்டருக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது, வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது.

என் வண்டியில் இவை எதிலும் ஈரம் இல்லை. சத்தியமங்கலத்தில் பழைய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். "பின் டிரம்மைக் கழற்றினீங்களா தம்பி?" என்று கேட்டார். "இல்லண்ணே, வெளியில எங்கயும் ஈரமே இல்ல" என்றேன். "வீல் சிலிண்டர் ரப்பரை விலக்காம ஈரம் எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு இடது பின் டிரம்மைக் கழற்றி, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ஓரத்தில் இருக்கும் டஸ்ட் ரப்பரை ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாக விலக்கினார். உள்ளே தேங்கியிருந்த ஆயில் வழிந்தது. மிதிக்கும்போது ஆயில் கசிய, காலை எடுக்கும்போது அதே வழியில் காற்று உள்ளே போயிருக்கிறது. மூன்று முறை ஏர் எடுத்தும் மூன்றாம் நாளே திரும்பி வந்ததற்குக் காரணம் அதுதான்.

ஆகவே டிரம்மைக் கழற்றாமல் "கசிவு இல்லை" என்று சொல்லாதீர்கள், யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். ரப்பருக்குள் லேசான ஈரப்பசை பரவாயில்லை, சொட்டாக வந்தால் அந்தச் சிலிண்டர் முடிந்தது. ஒரு பக்கம் போயிருந்தால் மறுபக்கமும் சேர்த்து மாற்றுவதுதான் நல்லது, இரண்டும் ஒரே வயசு. லைனிங்கில் ஆயில் ஊறியிருந்தால் பெட்ரோலில் கழுவி மறுபடி மாட்டுவது வேண்டாம், ஊறினது ஊறினதுதான், சூடானால் மேலே வரும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஷூவையும் செட்டாக மாற்றுங்கள். டிரம்மில் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவும் வேண்டாம், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நனைத்துத் துடையுங்கள்.

கசிவை அடைத்த பிறகு ஏர் எடுப்பது

இதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பெடலில், ஒருவர் நிப்பிளில் (ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றை வெளியே விடத் திறக்கும் திருகு). சீல் உடைக்காத புது ஆயில், நிப்பிளில் சரியாக உட்காரும் ரிங் ஸ்பேனர், ஒரு தெளிவான சின்னக் குழாய், பாதி ஆயில் ஊற்றிய ஒரு பாட்டில். நிப்பிள் துருப்பிடித்திருந்தால் முந்தின நாளே துரு விடும் எண்ணெய் அடித்து வையுங்கள், முறிந்துவிட்டால் காலிப்பரோ (டிஸ்க்கில் பேடை அழுத்தும் பாகம்) சிலிண்டரோ செலவாகும்.

எந்தச் சக்கரத்தில் தொடங்குவது? பொதுவாக மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் இருப்பதில். நம் வண்டிகளில் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்று வரும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு வரிசை கொடுத்திருந்தால் அதன்படி செய்யுங்கள்.

பெடலில் இருப்பவர் மெதுவாக மூன்று முறை மிதித்து, கடைசி மிதியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு "பிடிச்சிருக்கேன்" என்று சொல்ல வேண்டும். கீழே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்க, குமிழியோடு ஆயில் பாட்டிலுக்குள் போகும், பெடல் இறங்கும். நிப்பிளை இறுக்கி "ம், விடுங்க" என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்க வேண்டும். இந்த வரிசை ஒரு முறை தவறினாலும் வெளிக்காற்று உள்ளே போய்விடும். குமிழி நின்று, ஆயில் சுத்தமாக வரும்வரை திரும்பத் திரும்ப. ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருங்கள், அது காலியானால் எல்லாம் முதலிலிருந்து.

இதில் பலர் செய்யும் பெரிய தவறு, பெடலைத் தரைவரை உதைப்பது. பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் தினமும் போகும் தூரம் வழவழப்பாக இருக்கும், அதைத் தாண்டி உள்ளே துருவும் கசடும் படிந்திருக்கும். தரைவரை மிதித்தால் கப் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழிகிறது. காலையில் நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் ஏர் எடுத்த பிறகு போய்விட்டது என்று சொல்கிறார்களே, அதற்கு இதுதான் காரணம். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்துவிட்டு மிதியுங்கள், அதோடு நின்றுவிடும்.

பிக்கப்புக்கே உரிய இன்னொரு விஷயம்: பின் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவில் லோடுக்கு ஏற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு பல வண்டிகளில் இருக்கிறது, ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ அதை ஆக்சிலோடு இணைத்திருக்கும். சேஸில் ஜாக்கி வைத்துத் தூக்கி ஆக்சில் தொங்கினால், வண்டி காலியாக இருக்கிறது என்று நினைத்து அந்த வால்வு பின்பக்க அழுத்தத்தைக் குறைத்துவிடும், ஆயில் சரியாக வராது, காற்றும் முழுதாக வெளியேறாது. பின்பக்கம் ஏர் எடுக்கும்போது சக்கரம் தரையில் இருக்கட்டும், இல்லை ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியில் கொடுங்கள். சில வால்வுகளில் தனி நிப்பிள் உண்டு, அதையும் விடாதீர்கள்.

வெளியே எடுத்த ஆயிலை மறுபடி டப்பாவில் ஊற்ற வேண்டாம். பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகிறது

சிக்னலில் பிரேக்கில் கால் வைத்து நிற்கும்போது இது நன்றாகத் தெரியும். டப்பாவில் ஆயில் குறைகிறதென்றால் வெளியே கசிவு, மேலே சொன்ன தேடல்தான். ஆயில் ஒரு கோடுகூடக் குறையவில்லை, ஆனால் பெடல் இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் கப் தேய்ந்து, அழுத்தப்பட்ட ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்னால் நழுவுகிறது. வேகமாக ஓங்கி மிதித்தால் நன்றாகப் பிடிக்கும், மெதுவாக மிதித்தால் இறங்கும், இதுவும் அதே அடையாளம்.

சந்தேகம் தீர வேண்டுமென்றால், ஹோஸுக்கென்றே வரும் வழவழப்பான கிளாம்பால் முன் ஹோஸ் இரண்டையும் பின் ஹோஸையும் இறுக்கிவிட்டு மிதியுங்கள். அப்போதும் இறங்கினால் மாஸ்டர்தான். கல் மாதிரி நின்றால் மாஸ்டர் நல்லது, ஒவ்வொரு கிளாம்பாக எடுத்து வாருங்கள், எதை எடுக்கும்போது பெடல் இறங்குகிறதோ அந்த ஹோஸ் போகும் சக்கரத்தில் வேலை, பின் ஹோஸ் என்றால் இரண்டு பின் சக்கரத்தையும் பாருங்கள். கட்டிங் பிளேயரையோ வைஸ் கிரிப்பையோ ஹோஸில் போட்டால் உள்ளே இருக்கும் நூலிழை நசுங்கிவிடும், அதைச் செய்ய வேண்டாம்.

கிட் (உள்ளே இருக்கும் ரப்பர் கப்புகளின் செட்) மட்டும் போடலாமா, முழு சிலிண்டரா? கழற்றி உள்சுவரை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் எங்காவது மாட்டினால் கிட் போடுவது வீண், சில வாரத்தில் புது கப்பும் கிழியும். புது சிலிண்டரை மாட்டுவதற்கு முன் வைஸில் வைத்து, ஆயில் ஊற்றி, பிஸ்டனை மெதுவாகத் தள்ளித் தள்ளி அதிலிருக்கும் காற்றை அங்கேயே எடுத்துவிடுங்கள். வண்டியில் மாட்டிய பிறகு அந்தக் காற்றை விரட்டுவது பெரும்பாடு.

காலையில் சரியாக இருக்கிறது, மலையிறக்கத்தில் மட்டும் மெத்தென்று ஆகிறது

ஆயில் கொதிக்கிறது. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். புது டாட் 3 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தர எண்) ஆயிலுக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் நீர் சேர்ந்த பிறகு 140. டாட் 4 என்றால் 230, அதுவே 155 ஆகிறது. லோடோடு நீண்ட இறக்கம் இறங்கும்போது காலிப்பர் சூட்டில் இந்த ஆயில் ஆவியாகிறது, ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். அரைமணி நேரம் நிறுத்தி ஆறினால் ஒன்றுமே நடக்காதது போல் பெடல் மேலே வந்து நிற்கும். அதனால்தான் அடிவாரத்துப் பட்டறையில் காட்டினால் "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். அந்த வார்த்தையை நம்பி அடுத்த டிரிப் ஏறாதீர்கள். பழைய ஆயில் முழுவதையும் நான்கு சக்கரம் வழியாகவும் வெளியேற்றிப் புதிது ஊற்றுங்கள், மூடியில் எந்த டாட் எழுதியிருக்கிறதோ அதுவே. டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில், மற்றவற்றோடு சேரவே கூடாது. மலையேறும் வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது அதிகமில்லை. உடைத்து வைத்த டப்பாவில் மிச்சமிருக்கும் ஆயிலை அடுத்த வருடத்துக்கு என்று பட்டறை அலமாரியில் வைக்க வேண்டாம், அதுவும் அங்கேயே ஈரம் குடித்துக்கொண்டிருக்கும்.

சக்கரம் ஏதாவது ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சூடாகிறதா என்றும் கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாமல். காலிப்பர் பிஸ்டன் இறுகி பேட் உரசிக்கொண்டே வந்தாலும் புது ஆயில்கூடக் கொதிக்கும். மலை ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள்.

பெடல் கல் மாதிரி இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் அது ஆயில் இல்லை, பேடும் லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழந்திருக்கின்றன.

எல்லாம் செய்தும் பஞ்சு போகவில்லை

காலிப்பரைக் கழற்றி மாட்டியிருந்தால் நிப்பிள் மேலே இருக்கிறதா பாருங்கள். இடதும் வலதும் மாறி மாட்டினால் நிப்பிள் கீழே வந்துவிடும், காற்று மேலே தங்கிவிடும், எத்தனை லிட்டர் ஊற்றினாலும் அது வெளியே வராது. அப்புறம் ஹோஸ்: ஒருவரை மிதிக்கச் சொல்லி ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள், பழைய ரப்பர் பலூன் மாதிரி ஊதுவது கையிலேயே தெரியும். புது ஷூவின் வளைவு டிரம்மோடு முழுதாகப் படியாமல் இருந்தாலும் சில நாள் பஞ்சு இருக்கும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் அதன் யூனிட்டுக்குள் காற்று மாட்டியிருந்தால் ஸ்கேனர் போட்டு அதன் பம்பை ஓடவிட்டால்தான் வெளியேறும், வீட்டு வாசலில் முடியாது.

டப்பா மூடியின் ரப்பர் உப்பி, நெளிந்து, மூடவே மாட்டேன் என்கிறதா? யாரோ இன்ஜின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றியிருக்கிறார்கள். டம்ளர் தண்ணீரில் டப்பாவிலிருந்து இரண்டு சொட்டு விடுங்கள்: பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும், மற்றது மேலே மிதக்கும். மிதந்தால் ஏர் எடுப்பது, ஆயில் மாற்றுவது எதுவும் போதாது. மாஸ்டர் கிட், காலிப்பர் சீல், வீல் சிலிண்டர் கப், ஹோஸ் என்று ரப்பர் இருக்கும் அத்தனையும் மாற்றி, லைனையும் கழுவ வேண்டும். செலவு பெரிதுதான், ஆனால் அந்த வண்டியை அப்படியே விற்பதும் தவறு.

வேலை முடிந்ததும்

இன்ஜினை ஓடவிட்டுப் பெடலை பலமாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, இறங்கிப் போய் நான்கு நிப்பிளையும், கழற்றி மாட்டிய ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். காலி இடத்தில் நடை வேகத்தில் ஓட்டி நிறுத்துங்கள், பிறகு 20, பிறகு 40. வண்டி பக்கம் இழுக்கிறதா பாருங்கள். நிப்பிள் ரப்பர் மூடிகளைத் திரும்பப் போடுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை சேற்றில் அடைத்திருக்கும். ஆயில் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். மறுநாள் காலையில் இன்ஜினைப் போடுவதற்கு முன் அந்தக் கோட்டையும் நான்கு சக்கரத்தின் உள்பக்கத்தையும் பார்த்துவிட்டு, அதன் பிறகு லோடு ஏற்றுங்கள்.